கப்பல் வரிசையில் சரித்திரம்

ரப்பர் விலை விழுந்து, சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பும் கப்பலுக்காகப் பினாங்குத் துறைமுகத்தில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு தோட்டப்பள்ளி வாத்தியார். அவருக்கு முன்னால், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியை இன்னும் இடுப்பில் செருகியிருந்த ஒரு பெண்.

“வெள்ளைக்காரனும் ஒருநாள் போயிருவான், தங்கச்சி.”

“மெதுவாப் பேசுங்க வாத்தியாரே. யாரு சொன்னா?”

“சரித்திரம் சொல்லுது. கடாரத்துக்குச் சோழன் வந்தான், போனான். மலாக்காவுக்குப் போர்த்துகீசுக்காரன் வந்தான், போனான். ஒல்லாந்துக்காரனும் அப்படித்தான். இவன் மட்டும் இருந்துருவானா?”

“அவங்க கூட்டியாந்த கூலிங்க என்ன ஆனாங்க?”



“அது பொஸ்தகத்துல இல்லம்மா.”

வரிசை நகர்ந்தது. கப்பலடியில் கணக்கெழுத நின்ற கிராணி யார் பெயரையும் கேட்கவில்லை. தலைகளை மட்டும் எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்.