பரீட்சைக்கு ஓர் அர்ச்சனை

கடல் கடந்த இந்தத் தீவில், சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தமிழ் வாத்தியாரும் கோவில் குருக்களும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

"எந்த விஷயத்தை யார்கிட்ட எப்போ எப்படிச் சொல்லணும்னு கத்துக்கொடுக்கிற ஒரு எம்.ஏ. படிக்கிறேன், சாமி," என்றார் வாத்தியார். "சமூகத்துக்கு ரொம்ப உபயோகம். ஊருக்குப் போற லீவுலதான் பரீட்சை. மனைவிகிட்ட இன்னும் சொல்லலை."

"ஏன்?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

குருக்கள் ஜன்னலுக்கு வெளியே கரும்புக் காட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க கேட்ட அர்ச்சனையை நேத்து பண்ணிட்டேன். உங்க பேர், நட்சத்திரம், பரீட்சை எல்லாம் சத்தமாவே சொன்னேன். உங்க வீட்டம்மா எதிர்லதான் நின்னாங்க."

வாத்தியார் குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னா?"

"இன்னொரு அர்ச்சனை பண்ணச் சொன்னாங்க. உங்க ஆயுசுக்கு."