ஸ்டான் வைட்லியின் காலிலிருந்து எடுத்த பந்து

இந்த மன்றத்தின் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் எட்னா பிராட்பென்ட் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் மூட்டுவலியையும் மறைத்து முகமலர்ச்சியோடு அமர்ந்திருக்கும் தோர்ன்பெக் ஊர்ப் பெரியவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று இறைச்சிக் குழம்பும் மசித்த பட்டாணியும் ஆக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, இன்றைய விழாவின் நாயகர், ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கே பார்த்து வியந்த முன்கள வீரர் ஸ்டான் வைட்லி அவர்களே, என் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே கூவத் தொடங்கி இன்னும் நிறுத்தாத வலது மூலை நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். தலை தாழ்ந்த என்று வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. நிமிர்த்த முடியவில்லை.

என் பெயர் வில்ஃப் கிளெக். மலைக்கு அந்தப் பக்கம், பிராக்கன்ஷா. எங்கள் ஊர்க் கால்பந்து அணி வெளியூர் போகும்போதெல்லாம் பேருந்து ஓட்டியவன். ஸ்டானைப் பாராட்டிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறீர்கள்; நான் வந்தது ஒரே ஒரு அனுமதி கேட்க. வெளியே, உங்கள் மைதானச் சுவரை ஒட்டி, என் வண்டிக்குள் ஒரு மனிதர் குளிரில் உட்கார்ந்திருக்கிறார். லென் ஹார்ஸ்ஃபால். அவர் இந்த மண்டபத்துக்குள் வரலாமா?

கூவுங்கள். கூவ உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

என்ன சொன்னீர்கள், சிவப்புத் தொப்பிக்காரரே? "அவன் காலை வண்டியிலயே வெச்சிட்டு வரச் சொல்லு"ங்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் அந்தக் காலைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

லென் யார்? வீட்டுக்கு வீடு நிலக்கரி கொண்டுபோய்க் கொட்டிய ஒரு வண்டிக்காரரின் மகன். அந்த வண்டியை இழுத்த குதிரை இருந்ததே, அது ஒரு தனிப் பிறவி. ஒவ்வொரு மதுக்கடை வாசலிலும் தானாக நின்றுவிடும். ஒருமுறை பாதிரியாரின் வீட்டைத் தாண்டிப் போக வேண்டிய நாளில், அவர் வீட்டு வாசலிலும் தானாக நின்றது. "இங்க எதுக்குய்யா நிக்குது?" என்று ஊரே கேட்க ஆரம்பித்து, பாதிரியார் மூன்று ஞாயிறு தொடர்ந்து... சரி, சரி, வருகிறேன். குதிரையை விட்டுவிடுகிறேன். அந்த வண்டியில் மூட்டை சுமந்து சுமந்துதான் லென்னுக்கு அந்தத் தோள் வந்தது என்று சொல்ல வந்தேன்.

அந்தத் தோளோடு எங்கள் அணியில் சேர்ந்தார். தடுப்பாட்டக்காரர். தலை நிறைய முடியோடு வந்தார். முடியெல்லாம் போனபிறகுதான் போனார். வேறு ஊர் அழைத்தது, போகவில்லை. பெரிய அணி அழைத்தது, போகவில்லை. ஓடிப் பெயர் வாங்கியவர் அல்ல, அடுத்தவரை ஓடவிடாமல் பெயர் வாங்கியவர். அத்தனை ஆண்டில், ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் ஒரு கோல் போட்டதில்லை. மழையில் நனைந்து கல்லாய்க் கனத்த பந்தை நெற்றியால் முட்டி முட்டித் திருப்பிய அந்த மனிதர், எதிரணியின் வலை எப்படி இருக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

நேர்மையானவரா என்று கேளுங்கள். ஒரு கார்னர் கதை சொல்கிறேன். எதிரணிக்காரன் அடித்த பந்து லென்னின் முழங்காலில் உரசி எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர் பார்க்கவில்லை, பந்து எங்களுக்கு என்று கை காட்டிவிட்டார். லென் ஓடிப்போய், "சார், என் கால்ல பட்டுத்தான் போச்சு" என்றார். அவர்களுக்குக் கார்னர், மைதான மூலையிலிருந்து ஒரு உதை. அந்தக் கார்னரில் கோல். திரும்பி வரும்போது பேருந்தில் எங்கள் மேனேஜர் கொதிக்கிறார்.

"ஏண்டா, உன்னை எவனாவது கேட்டானா?"

"கேக்கல. அதனாலதான் சொன்னேன்."

நான் சிரித்த சிரிப்பில் வண்டி வேலி ஓரம் போய்த் திரும்பியது. அப்படிப்பட்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவர்தான் அதைச் செய்தார். அதனால்தான் எங்களுக்கு இரண்டு மடங்கு வெட்கம்.

அந்தக் கடைசி ஆட்டத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? ஆனாலும் இளையவர்கள் இருக்கிறார்கள், சொல்கிறேன். பருவத்தின் கடைசி நாள். எங்கள் ஊர் மைதானம். இரண்டு அணியில் ஒன்று லீகை விட்டே இறங்கியாக வேண்டும். நீங்கள் தோற்றால் நீங்கள். சமனில் முடிந்தால் நாங்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை, நேரமும் அதிகம் இல்லை. மலையிலிருந்து காற்று, காலடியில் சேறு. ஸ்டான் பந்தோடு எங்கள் கோலை நோக்கி ஓடுகிறார். முன்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. அப்போது பின்னால் எங்கள் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறி விழுகிறான். ஸ்டான் என்ன செய்தார்? கோல் அடித்தாரா? அடித்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் திரும்பிப் பார்த்தார். பந்தை வெளியே தட்டிவிட்டார். எங்கள் பையனுக்காக.

இப்படி வெளியே தட்டிய பந்தைத் தட்டியவர்களிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. சட்டப் புத்தகத்தில் இல்லை. தெருவில் ஆடும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, பந்து லென்னிடம் வந்தது. உங்கள் கோல்கீப்பருக்கு ஓங்கி ஒரு உதை, மரியாதை உதை. அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. உங்கள் கோல்கீப்பர் துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். பந்து அவருக்கு முன்னால் ஒருமுறை குதித்து, அவர் தலைக்கு மேல் போய், வலைக்குள் விழுந்தது.

வாழ்நாளில் லென் போட்ட ஒரே கோல். போட்டவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவர் கோல் என்றார், சட்டம் அது. எங்கள் ஊர்க்காரர்கள் குதித்தார்கள். வெட்கமில்லாமல் குதித்தார்கள்.

அதற்கும் முறை ஒன்று உண்டல்லவா? எங்கள் கேப்டன் ஸ்டானிடம் வந்தார். "நீங்க ஒண்ணு போட்டுக்கோங்க. எங்காளு ஒருத்தனும் அசைய மாட்டான்." ஓரத்திலிருந்து மேனேஜர் கத்தினார், கேப்டன் காது கேளாதவர்போல இருந்தார். ஆட்டம் தொடங்கியது. ஸ்டான் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்தார். ஓடவில்லை, நடந்தார். எங்கள் ஆட்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார். கடைசியில் லென். ஸ்டான் அவர் பக்கத்தில் வந்ததும், "பயங்கரக் குளிரு லென். சீக்கிரம் முடிச்சிட்டு டீ குடிக்கலாம்" என்றார்.

லென் காலை நீட்டிப் பந்தை எடுத்தார். பார்வையாளர் ஸ்டாண்டின் கூரைக்கு மேலே உதைத்தார்.

கொஞ்ச நேரத்தில் விசில். நாங்கள் தங்கினோம், நீங்கள் இறங்கினீர்கள்.

ஸ்டான் திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். நாங்களோ லென்னைத் தோளில் தூக்கினோம். மதுக்கடைச் சுவரில் அந்தக் காலையும் அந்தப் பந்தையும் ஆளுயரத்துக்கு வரைந்தோம். ஆண்டுதோறும் அந்த நாளில் குடித்துக் கொண்டாடினோம். பிள்ளைகளுக்கு அதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தோம். இங்கே என்ன ஆயிற்று? அணி சிதறியது. கிழக்குப் பக்கத்து ஸ்டாண்ட் இடிந்தது. ஸ்டான் வைட்லியின் அந்தக் கால்கள் கல்குவாரிக்கு வேலைக்குப் போயின. நீங்கள் இழந்ததை நாங்கள் பாட்டாகப் பாடினோம். இதைவிட ஒரு ஊருக்கு வேறு என்ன வெட்கம் வேண்டும்?

லென் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். செய்தித்தாளில் வந்தது. "பழக்கதோஷம். கால் தானாப் போயிடுச்சு." நாங்கள் நம்பினோம். நம்புவது சுலபமாக இருந்தது. தடுப்பாட்டக்காரனின் கால், பந்தைக் கண்டால் போகத்தானே செய்யும்?

ஆனால் அவர் அந்த மதுக்கடைச் சுவர் இருக்கும் தெருவில் நடப்பதில்லை. ரொட்டி வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த வசந்தத்தில் எங்கள் மன்றத்தார், புதிய ஸ்டாண்டுக்கு லென் பெயரை வைத்து, அந்தச் சுவர்ப் படத்தையே வாசலில் பெரிதாகப் போடுவது என்று முடிவு செய்தார்கள். சொன்ன மறுநாள் லென் என் காய்கறிப் பாத்திக்கு வந்தார். நான் லீக்ஸ் நட்டுக்கொண்டிருந்தேன். வெங்காயத்துக்கு அண்ணன் மாதிரி இருக்குமே, அதுதான். எங்கள் ஊரில் அதற்குப் போட்டியே நடக்கும், ஒருவர் செடியை ஒருவர் ராத்திரி காவல் காத்து... சரி, அதுவும் வேண்டாம்.

"வில்ஃபு, அது காலு இல்ல."

"எதுய்யா காலு இல்ல?"

"ஸ்டான்கிட்டேருந்து எடுத்தது. காலு எடுக்கல. நான் எடுத்தேன்."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"அவன் நடந்துதான வந்தான்? எனக்கு யோசிக்க நேரம் இருந்துச்சு. கூட்டத்தப் பாத்தேன். இவன விட்டா நாளைக்கு ரொட்டிக்கடையில எவனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான்னு தோணுச்சு. அப்புறம் அவன் மூஞ்சியப் பாத்தேன். டீ குடிக்கலாம்னு சொன்னான். அதக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"இத்தன வருஷம் ஏன்யா சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? வாயத் திறந்தாலே ஒருத்தன் பீர் வாங்கிக் கொடுத்துடுறான்."

அம்மையார் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே. அன்று மாலையே அவர் எங்கள் மன்றத்துக்குப் போய், படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னார். எங்கள் ஊர் என்ன செய்தது தெரியுமா? "நன்றி கெட்டவன்" என்றது. தோளில் தூக்கிய அதே ஆட்கள், தெருவில் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். அவர் அன்று எதற்குப் பயந்தாரோ அது இன்று நடக்கிறது. அதற்கும் அவர் வருந்தவில்லை. ஸ்டானுக்கு விழா என்று கேள்விப்பட்டதும் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "அவன் முன்னாடி நின்னு, காலு இல்ல, நான்தான்னு ஒரு தடவ சொல்லணும். கூட்டிட்டுப் போறியா?"

இதோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசல் வரைதான் என்னால் முடியும். உள்ளே விடுவது உங்கள் கையில். இல்லை, உங்கள் எல்லோர் கையிலும்கூட இல்லை. ஒருவர் கையில்தான்.

ஸ்டான் எழுகிறார். வலது மூலை நண்பர்களே, கொஞ்சம் அமைதி. அவர் சன்னமாகத்தான் பேசுகிறார்; பின்வரிசைக்காக நான் திருப்பிச் சொல்கிறேன்.

"காலுன்னு அவன் சொன்னப்பவே எனக்குத் தெரியும், அது பொய்னு. என் கண்ணப் பாத்துட்டுத்தான் எடுத்தான்." இது ஸ்டான் சொல்வது.

"வரச் சொல்லு. சொல்ல வேண்டியத என் முன்னாடி சொல்லட்டும், கேட்டுக்கறேன். அப்புறம் குழம்பு சாப்பிட்டுட்டுப் போகட்டும். ஆனா நான் கை குடுப்பேன்னு நினைச்சுக்கிட்டு வர வேணாம்."

ஸ்டான் அவர்களே, கதவு போதும். கையைக் கேட்கும் தகுதியோடு நாங்கள் மலை ஏறி வரவில்லை. தலைவி அம்மையாருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், எங்களுக்கும் சேர்த்து உலை வைத்த தாய்மார்களுக்கும், கூவிக் கூவிக் கடைசியில் ஓய்ந்த வலது மூலைக்கும் என் நன்றி. நான் போய் அவரை அழைத்து வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் உள்ளே வரும்போது கூவினாலும் சரி, தயவுசெய்து யாரும் கைதட்டிவிடாதீர்கள். அவருக்கு நாங்கள் ஆயுசுக்கும் போதுமான அளவு கைதட்டிவிட்டோம். வணக்கம்.