ஆறாவது மைல் ரப்பர் ரோடு

இருதயம்: இங்க இருந்த புல்லு எங்க, பக்கிரி அண்ணே?

பக்கிரிசாமி: எந்தப் புல்லு, கிராணி ஐயா?

இருதயம்: ரோட்டோரத்துப் புல்லு. அந்தாண்ட முழங்கால் உயரம் நிக்குது. இந்தாண்டயும் நிக்குது. நடுவுல நம்ம ரப்பர் ரோடு இருக்கிற நூறு கெசத்துக்கு மட்டும் ஓரமெல்லாம் செம்மண்ணு.

பக்கிரிசாமி: ஆடு மேஞ்சிருக்கும்.

இருதயம்: ஆடு சக்கரம் கட்டிக்கிட்டா மேயுது? ரெண்டு தடம் பாருங்க. ஒரு சாண் ஆழம்.

பக்கிரிசாமி: ...கோப்பி ஆறுது. குடிங்க.

இருதயம்: வேணாம்.

பக்கிரிசாமி: ஆறு மாசத்துல ஒரு சனிக்கிழமைகூட வேணாம்னு சொன்னதில்லையே. டொரத்தி வீட்டுல ஏதும் சொன்னாங்களா?

இருதயம்: வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. பேச்சை மாத்தாதீங்க அண்ணே. பத்து மணிக்கு இஞ்சினியர் துரை வராரு.

பக்கிரிசாமி: அதுக்கு முன்னாடி அந்த சைக்கிளைத் தொடச்சு வைங்க. சக்கரம் பூரா மண்ணு. துரை பார்த்தா என்ன நினைப்பாரு.

இருதயம்: சைக்கிள் கிடக்கட்டும். துரை இன்னிக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டா, கிள்ளான் வரைக்கும் இந்த ரப்பர் சாந்தையே ஊத்தப்போறாங்க. தெரியுமில்ல?

பக்கிரிசாமி: மேஸ்திரி மண்டோர் சொன்னாரு. ரப்பர் விலை விழுந்து கிடக்கு, தோட்டத்துக்காரங்க ரப்பரை எங்கயாவது கொட்டணும்னு அலையறாங்கன்னு.

இருதயம்: விலைக்காக இல்ல. இது சோதனை. தேயுதா தேயலையான்னு அளந்து பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. அளந்து கணக்கு எழுதின கிராணி நான். ரோடு பாஸ் ஆனா நான் நிரந்தரம். இல்லேன்னா மாசக் கடைசியில வீட்டுக்குப் போகணும்.

பக்கிரிசாமி: அப்ப பாஸ்னு சொல்லுங்க லா. யாரு தடுத்தா?

இருதயம்: இந்தச் செம்மண்ணு தடுக்குது. துரை காரை விட்டு இறங்கின உடனே இதைத்தான் பார்ப்பாரு. நான் என்ன பதில் சொல்ல?

பக்கிரிசாமி: நான்தான் சொன்னேனே. ஆடு.

இருதயம்: நேத்து உங்க தகரத்துல எத்தனை கொட்டை?

பக்கிரிசாமி: நானூத்திப் பன்னெண்டு. மாட்டு வண்டிக்கு ஒரு ரப்பர் கொட்டை, லோரிக்கு ஒரு கருங்கல்லு. நீங்க சொல்லிக்குடுத்தபடிதான். ஒண்ணுக்குக்கூட போட மறக்கல. ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கல.

இருதயம்: சிரிக்கிற நேரமா இது? நானூறு வண்டி, அத்தனையும் இரும்புப் பட்டை அடிச்ச சக்கரம், தினமும், ஆறு மாசம். பக்கத்துல பழைய தார் ரோடு அரை அங்குலம் தேஞ்சு கிடக்கு. ரப்பர் ரோடு மயிரிழைகூடத் தேயல.

பக்கிரிசாமி: சாமான் ஒசத்தின்னு அர்த்தம்.

இருதயம்: வண்டி அதுமேல போகலைன்னு அர்த்தம். போகுதா, இல்லையா?

பக்கிரிசாமி: லோரி போகுது.

இருதயம்: லோரிக்கு ரப்பர் டயரு. அது எங்க தேய்க்கும்? மாட்டு வண்டியைக் கேக்குறேன்.

பக்கிரிசாமி: இந்த மைல் கல்லைத் தாண்டுற வண்டிக்கெல்லாம் ஒரு கொட்டை போடுன்னீங்க. போட்டேன். புல்லுமேல போனாலும் கல்லைத் தாண்டித்தானே போகுது. எதுமேல போகுதுன்னு நீங்க கேக்கலையே.

இருதயம்: ...ஆமா. கேக்கல.

பக்கிரிசாமி: அப்புறம் என்ன.

இருதயம்: தானாவே ஒதுங்கிச்சா? யாராவது ஒதுங்கச் சொன்னாங்களா?

பக்கிரிசாமி: கோப்பியில ஈ விழுந்துருச்சு. வேற...

இருதயம்: அண்ணே.

பக்கிரிசாமி: ...ரோடு ஊத்தி எட்டாம் நாள். முதல் மழை. வேலாயுதம் வண்டியில அன்னாசிப்பழம், பாசார் சந்தைக்குப் போகுது. மாடு இந்த ரோட்டுல கால் வச்சுது. லாடம் அடிச்ச காலு, கண்ணாடிமேல வச்ச மாதிரி ஆயிருச்சு. ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு. வலத்து மாட்டுக்கு முன்னங்காலு... நான் என் காலு முறிஞ்சப்பகூட அப்படி ஒரு சத்தம் கேக்கல.

இருதயம்: இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?

பக்கிரிசாமி: சொல்லத்தான் இருந்தேன். அந்த வாரம் நீங்க முட்டி போட்டு அளந்துட்டு எந்திரிச்சீங்க. "அருமையா நிக்குது அண்ணே"ன்னு சிரிச்சீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்ல?

இருதயம்: அப்ப வண்டியை ஓரமா அனுப்பினது...

பக்கிரிசாமி: நான்தான். ஒரு மாசம் சிவப்புத் துணியைக் காட்டினேன். அப்புறம் மாடே ஒதுங்கிக்கிச்சு. துணி தேவைப்படல.

இருதயம்: மண்டோருக்குத் தெரியுமா?

பக்கிரிசாமி: வண்டிக்காரங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இருதயம்: மணி என்ன... பத்தாகப் போகுது. அண்ணே, நல்லாக் கேளுங்க. துரை கேட்டா, நானாத்தான் செஞ்சேன்னு சொல்லுங்க.

பக்கிரிசாமி: நானாத்தானே செஞ்சேன்.

இருதயம்: கிராணிக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் சொல்லணும்.

பக்கிரிசாமி: ஓ.

இருதயம்: அப்படிப் பார்க்காதீங்க.

பக்கிரிசாமி: எப்படிப் பார்த்தேன்? சும்மாத்தான் பார்த்தேன். துரை என்னை நிறுத்திருவாரு. லயத்து வீட்டைக் காலி பண்ணணும். ரோட்டு உருளை ஏறின காலை வச்சுக்கிட்டுப் போனா எந்த மண்டோரு சேர்ப்பான்? பொஞ்சாதி தனலெட்சுமியைக் கூட்டிக்கிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

இருதயம்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டு பேரும் போகணுமா?

பக்கிரிசாமி: ஆடுன்னே சொல்லுவோம். உங்களுக்குக் கல்யாணம், எனக்கு லயம்.

இருதயம்: ஆடுன்னு சொன்னா ரோடு பாஸ். கிள்ளான் வரைக்கும் இதையே ஊத்திருவாங்க.

பக்கிரிசாமி: ஆமா. ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சேன். இங்க ஒதுங்க ஓரம் இருக்கு. கிள்ளான் போற வழியில பாலத்துமேல மாடு எங்க ஒதுங்கும்? கைப்பிடிச் சுவரு, அதுக்குக் கீழே ஆறு. ஒண்ணு கேக்கட்டா, ஐயா? இந்தத் தடம் இன்னிக்குத்தான் உங்க கண்ணுல பட்டுச்சா?

இருதயம்: ஆமா.

பக்கிரிசாமி: வாராவாரம் வர்றீங்க.

இருதயம்: நான் ரோட்டை அளக்க வரேன். ஓரத்தை இல்ல.

பக்கிரிசாமி: சரி.

இருதயம்: என்ன சரி?

பக்கிரிசாமி: சரின்னா சரி. அந்தா, காரு வருது. சட்டைப் பித்தானைப் போடுங்க.

இருதயம்: இங்கிலீஷ்ல நானே பேசிக்கிறேன். நீங்க வாயைத் திறக்க வேணாம்.

பக்கிரிசாமி: தோட்டத்துல பத்து வருசம் பாதை போட்ட துரை. உங்களைவிட நல்லாத் தமிழ் பேசுவாரு.

துரை: குட் மார்னிங், இருதயம். உன் நம்பர் எல்லாம் பார்த்தேன். தேய்மானம் ஒன்றுமே இல்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இருதயம்: தேங்க் யூ, சார்.

துரை: இது என்ன? புல் எங்கே?

பக்கிரிசாமி: ஆடுங்க, துரை.

துரை: ஆடு?

பக்கிரிசாமி: மேஞ்சிருச்சுங்க.

துரை: இது வண்டிச் சக்கரம். எனக்குத் தெரியாதா? யார் வண்டியை இந்தப் பக்கம் விட்டது?

பக்கிரிசாமி: ...நான்தான் துரை. மாடு வழுக்கி விழுந்துச்சு. அதனால ஓரமா விட்டேன். நான் மட்டும்தான். கிராணி ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது.

துரை: ஆறு மாதம்?

பக்கிரிசாமி: ஆறு மாசங்க.

துரை: இருதயம், நீ சொல். உனக்குத் தெரியாது என்றால் இவனை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். வேறு ஆள் வைத்து, வண்டியை ரோட்டுமேல் விட்டு, மறுபடி எண்ணலாம். உன் வேலைக்கு ஒன்றும் வராது.

பக்கிரிசாமி: அவருக்குத் தெரியாதுங்க துரை, அவரு குனிஞ்ச தலை நிமிராம ரோட்டைத்தான்...

துரை: உன்னைக் கேட்கவில்லை. இருதயம்?

இருதயம்: சார்...

துரை: தெரியுமா, தெரியாதா?

பக்கிரிசாமி: தெரியாதுன்னு சொல்லுங்க ஐயா.

இருதயம்: இருங்க அண்ணே. சார், அந்த சைக்கிள் சக்கரத்தைப் பாருங்க. ரெண்டாவது மாசம், ஒரு மழை நாள்ல, நானும் இந்த ரோட்டுலதான் வழுக்கி விழுந்தேன். அன்னிலேருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வண்டித் தடத்துலதான் வரேன், சார்.