தியரி என்றால் ஊகமா?

சுனாமி வந்து ஆறு மாதம் இருக்கும். மட்டக்களப்பிலிருந்து வந்தாறுமூலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு போதகரும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். தம்பி உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பரிணாமம் வெறும் ஊகம் எண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினீங்களாம். என்ட வகுப்புப் பிள்ளைகள் வந்து சொன்னாங்க.”

“தியரி எண்டுதானே உங்கட புத்தகத்திலயே போட்டிரிக்கு?”

“சாட்சி இல்லாததைத் தியரி எண்டு சொல்றல்ல அண்ணன். பூமித்தட்டு அசையிறதும் தியரிதான். அதாலதான் கடல் வந்தது எண்டு சொல்லித்தானே அப்பாவை நித்திரையாக்கினன்.”

ஏறாவூரில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியதும் போதகர் தம்பி பக்கம் திரும்பினார்.

“அதுதான்டா எனக்கு எரியிது. அம்மாவைக் கடல் கொண்டுபோன நாளில இருந்து அப்பா கண் மூடல்ல. கடவுள் ஏன் எடுத்தார் எண்டு என்னட்டக் கேட்டுக் கேட்டு அழுதார். ஒரு கிழமை முழங்கால்ல நிண்டன். நீ கொப்பியில ஒரு படம் கீறிக் காட்டினாய், அவர் நித்திரை கொண்டிட்டார். பிரசங்கத்தில நான் சண்டை பிடிச்சது உன்னோடதான்.”

தம்பி வெளியே பார்த்தபடி சொன்னார்:

“அண்டைக்குப் படுக்க முதல் அப்பா கேட்டதை நான் உங்களுக்குச் சொல்லல்ல. பக்கத்தில இருந்து சோறு தீத்தினவன் நான். ‘பெரியவன் சாப்பிட்டானா, ஜெபம் ஜெபம் எண்டு பட்டினி கிடக்கான்’ எண்டு கேட்டார். எனக்கும் எரிஞ்சது அண்ணன்.”