அருள்மேரி அக்காவுக்குப் பொன்னாடை வேண்டாம்

மூன்றாம் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிரந்தரத் தலைவரும், எங்கள் மாதர் சங்கத்துக்குத் தலைமை தாங்க இத்தனை மாதருள் ஒருவர்கூட அகப்படாத காரணத்தால் ஐந்தாண்டுகளாக அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமந்துவரும் தியாகத் திருவுருவமுமான உயர்திரு பெரியநாயகம் ஐயா அவர்களே! மாதர் சங்க ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலிகளை முழுமையாக நிரப்பி, மாதரைப் பாயில் அமர்த்தி அழகு பார்க்கும் பெரியோர்களே! அந்தப் பாயில், காது மேடையிலும் கவனம் அடுப்பிலுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! மறைமலை நகர் ஆலைகளில் மாபெரும் இயந்திரங்களை ஓட்டியும் நிறுத்தியும் ஆட்டிப்படைத்து, விடியற்காலையில் தம் இரண்டு இமைகளை மட்டும் தாமே திறக்க மாட்டாத தொழில் வீரர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்தப் பேச்சை நேற்றிரவு என் குழந்தை தூங்கிய பிறகு எழுதினேன். நடுவில் குழந்தை இருமினான். ஓடிப்போய் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். திரும்பி வந்த அவசரத்தில் மூன்றாம் பக்கத்தில் கஷாயம் சிந்திவிட்டது. அந்த இடம் வரும்போது தடுமாறினால் பொறுத்தருள்க.

நோட்டீசைப் பார்த்திருப்பீர்கள். நான்காவது நிகழ்ச்சி என்ன? "திருமதி அருள்மேரி அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, 'விடியல் விளக்கு' என்னும் பட்டம் வழங்கி, அவர்தம் அதிகாலைச் சேவையை மீண்டும் தொடருமாறு வேண்டிக்கொள்ளுதல்." பாராட்டிப் பேசும் பொறுப்பு எனக்கு. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள், நன்றாகப் பேசுவாள் என்று தலைவர் ஐயா நினைத்தார். பேசுகிறேன், ஐயா. தாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே பேசுகிறேன்.

யார் இந்த அருள்மேரி? பகல் ஷிப்டு சூசைராஜ் அவர்களின் மனைவி. வயது நாற்பத்தாறு. இந்தப் படப்பையில் நம் தெரு உருவான நாளிலிருந்து இருப்பவர். என்ன சேவை செய்தார்? தூங்காமல் இருந்தார். அதுதான் சேவை!

ஏன் தூங்கவில்லை? வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். மாதவிலக்கு நிற்கப்போகும் பருவம் அது. முன்வரிசையில் சிலர் குனிந்து செருப்பைத் தேடுகிறார்கள். செருப்பு அங்கேயேதான் இருக்கிறது, ஐயா, அமருங்கள். மாதவிலக்கு என்று ஒலிபெருக்கியில் சொன்னால் ஒலிபெருக்கி உடைந்துவிடாது. அந்தப் பருவத்தில் சிலருக்கு நடு இரவில் உடம்பு உலைபோலக் கொதிக்கும். புடவை பிழியப் பிழிய வியர்க்கும். பேருந்தைத் துரத்தி ஓடியவர்போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். அக்கா தினமும் இரண்டு மணிக்கு அப்படி விழித்தார். புடவை மாற்றினார். விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

அந்த விளக்கைத் தெரு பார்த்தது. பார்த்து என்ன செய்தது? "ஏன் தாயே தூங்கவில்லை?" என்று கேட்டதா? மருத்துவரிடம் அழைத்துப் போனதா? ஒரு விசிறியாவது எடுத்துக் கொடுத்ததா? இல்லை! முதல் ஷிப்டு யாக்கோபு அவர்கள், அதோ மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார், இரும்புப் பிளேட்டு வெட்டும் பிரிவில் பெரிய கைகாரர், நேரே போய்ச் சொன்னார்: "அக்கா, உனக்குத்தான் தூக்கம் வர்லயே. சும்மாத்தானே முழிச்சிகினு கீறே. நாலு மணிக்கு நம்ம கதவ ஒரு தட்டு தட்டேன்."

சும்மாத்தானே! அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது நம் தெருவின் மருத்துவ ஞானம்.

கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கு முனையில் நிற்கும். ஒரகடம் வழியாகப் போய் ஆறு மணிக்குள் வருகை அட்டை குத்தவேண்டும். தவறினால் அரைநாள் ஆப்சென்ட். ஆகவே யாக்கோபைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர். அக்காவின் கேட்டில் ஒரு சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மாலையில் வீடு திரும்பும் வீரர்கள் வரிசையாக வந்து, பெயரும் எழுப்பவேண்டிய மணியும் எழுதிவிட்டுப் போவார்கள். ஒன்பது வீடு! ஒன்பது நாதாங்கி! ஒன்பது குறட்டை! இதில் யாக்கோபு அவர்களுக்கு மட்டும் இரண்டு தட்டு. முதல் தட்டுக்கு அவர் புரண்டு படுப்பார்.

கங்கம்மாள் அக்கா பாயிலிருந்து ஏதோ சொல்கிறார். "உன் வூட்டுக்காரரு பேரும் சிலேட்டுல இருந்திச்சே, அத்த வுட்டுட்டியே" என்கிறார். விடவில்லை, அக்கா. அது கஷாயம் சிந்திய பக்கத்தில் வருகிறது.

இப்படி ஒன்றரை ஆண்டு போயிற்று. நடுவில் கம்பவுண்டர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். மறுநாள் பகலெல்லாம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்றே நாளில் விட்டுவிட்டார். மாதவிலக்கும் தாறுமாறாக வந்தது. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது. கடைசியில் அவராகவே பஸ் ஏறித் தாம்பரம் போய் டாக்டர் ஜெபமணி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எடுத்தவுடன் மாத்திரை எழுதவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். மார்பைச் சோதித்தார். காலில் ரத்தம் கட்டியதுண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். இத்தனை ரத்தப்போக்குக்குக் காரணம் தெரிய, கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். கெடுதல் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே ஹார்மோன் மாத்திரை எழுதினார். ஒரு மாத்திரை தினமும். இன்னொன்று மாதத்தில் பன்னிரண்டு நாள், கருப்பையைக் காக்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காப்பி வேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்றார்.

மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம். ஒரு திங்கட்கிழமை. என்ன கொடுமை நடந்தது தெரியுமா? அருள்மேரி அக்கா தூங்கிவிட்டார்!

இரண்டு மணிக்கு விழிக்கவில்லை. மூன்று மணிக்கும் விழிக்கவில்லை. நாலே முக்காலுக்கு பஸ் வந்தது, ஆரன் அடித்தது, ஆள் இல்லை, போயிற்று. ஆறரை மணிக்கு மூன்றாம் தெருவே அக்கா வாசலில், ஒன்பது லுங்கிகளும் ஒன்பது பற்பொடிக் கைகளுமாக, சிலேட்டைச் சுற்றி நின்றது. உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

தெரு பொறுக்குமா? அன்று மாலையே அவசரக் கூட்டம். இதே தலைவர் ஐயா. இதே முன்வரிசை. சூசைராஜ் அண்ணன் தலைகுனிந்து, "நான் இன்னாங்க பண்றது, தெருவே கேக்குது" என்றார். தலைவர் ஐயா நடுநிலையாளர். இரு தரப்புக்கும் பாதகமில்லாத ஒரு சமரசத்தைக் கண்டுபிடித்தார். அதை மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம். சொன்னார்: "மாத்திரைய சனிக்கெழம மட்டும் போட்டுக்கட்டுமே. ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் லீவுதானே."

ஹார்மோனுக்கு வார விடுமுறை! சிரிக்காதீர்கள், தாய்மார்களே. அன்று யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கஷாயம் சிந்திய பக்கம் வந்துவிட்டது. எழுத்து கலங்கியிருக்கிறது. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

மாத்திரைப் பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. படித்தவள் படிக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று, அதிலிருந்த ஆபத்துகளை மட்டும் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். புற்றுநோய் என்றேன். ரத்தக் கட்டு என்றேன். யாருக்கு வரலாம், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, வராமல் காக்க என்ன வழி என்பதையெல்லாம் சொல்லவில்லை. அந்த இரண்டாவது மாத்திரை எதற்கு என்றும் சொல்லவில்லை. பயந்தேன், எனக்குப் பயப்படத் தெரிந்த அளவு வேறெதுவும் தெரியாது. ஆனால் பயம் மட்டும்தானா? என் கணவர் தேவராஜனும் முதல் ஷிப்டு. அலாரம் கடிகாரம் வைத்தால் குழந்தை பதறி எழுந்து அழும். அக்கா தட்டினால் பூப்போலத் தட்டுவார், குழந்தை அசையமாட்டான். எதிர்வீட்டில் ஒரு விளக்கு எரிகிறது, ஒருத்தி விழித்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நானும் கண்மூடினேன். என் தூக்கம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக, அந்தத் தாளை நான் அப்படிப் படித்தேன்.

அன்றிரவே அக்கா மாத்திரையை நிறுத்தினார். சில நாளில் இரண்டு மணி விழிப்பு திரும்பி வந்தது. தெரு மகிழ்ந்தது. பஸ் நிரம்பியது.

சரியாக இருபது நாள் கழித்து, விடியற்காலை, எங்கள் நாதாங்கி சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். அக்கா நின்றார். நனைந்த புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. என் கணவர் அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. எங்கள் வீடு எழுப்பவேண்டிய வீடே இல்லை. என்னக்கா என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "யாரு வூட்டுக்கு வந்தேன்னு தெரியலம்மா. உன் பேரச் சொல்லு, எத்தினி மணிக்கின்னு ஞாபகம் வருதா பாக்கறேன்."

தாய்மார்களே, என் பிள்ளைப்பேற்றுக்கு வெந்நீர் வைத்தவர் அவர். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது.

அன்றே நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு தாம்பரம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபமணி டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தாளை முழுக்கப் படித்தாயா என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன். கடைசி வரியில் என்ன இருந்தது என்றார். சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேள் என்றிருந்தது, அம்மா, என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இவங்க ரெண்டு மணிக்கு முழிக்கிறது உடம்பால. அதுக்கப்புறம் நாலு மணி வரைக்கும் தூங்காம இருக்கிறது, கண்ணசந்துட்டா ஒன்பது வீடு கெட்டுடுமேங்கிற பயத்தால. முதலாவதுக்கு என்கிட்ட மருந்து இருக்கு. ரெண்டாவதுக்கு உங்க தெருவுலதான் இருக்கணும்."

கேட்டீர்களா, முன்வரிசையே? உங்களைத்தான் மருந்து என்கிறார்! எப்படிப்பட்ட மருந்து! கசப்பான மருந்து, காலையில் எழாத மருந்து!

எல்லோரும் இந்த மாத்திரையை வாங்கி விழுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லா உடம்புக்கும் அது ஆகாது. சிலருக்குக் கூடவே கூடாது. குறைந்த அளவு, தேவைப்படும் காலம் மட்டும், டாக்டர் கண்காணிப்பில், இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் போடாமல், எடுத்துக்கொள்ள வேண்டும். வேளை தவறி ரத்தம் பட்டால் அன்றே போய்க் காட்டவேண்டும். இதைச் சொல்லவேண்டிய அன்று சொல்லவில்லை. அதனால் இன்று சொல்கிறேன்.

இரண்டு மாதமாக அக்கா மாத்திரை போடுகிறார். தூங்குகிறார். நடுவில் விழித்தாலும் பயப்படாமல் மறுபடி படுக்கிறார். என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது; நேற்று அதைச் சொல்லித் திட்டினார். இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? தெருவோ மறுபடி கூடியது. இம்முறை மிரட்டவில்லை, பொன்னாடை எடுத்தது.

ஐயா, உடம்பு கொதிக்கிறவருக்குப் பொன்னாடையா? போர்த்தினால் வியர்க்குமே! விடியல் விளக்கு என்று பட்டமா? விளக்கை அணைக்கத்தானே அந்த அம்மா இத்தனை பாடுபட்டார்?

விழாவுக்கு அழைக்க இன்று மாலை ஏழு மணிக்கு நான் போனேன். கேட்டில் அதே சிலேட்டு. மேலே யாக்கோபு அவர்களின் கையெழுத்தில், நம்பிக்கையோடு, "நாலு மணி" என்றிருந்தது. கீழே அக்காவின் எழுத்து, ஐந்தாம் வகுப்பு எழுத்து, உருண்டை உருண்டையாக: "எனக்கும் நாளைக்கு வேல கீது. தூங்கப் போறேன்."

ஆகவே தீர்மானத்தில் ஒரு சிறு திருத்தம் முன்மொழிகிறேன். "அருள்மேரி அவர்கள் தொடருமாறு" என்பதை அடித்துவிட்டு, "மூன்றாம் தெரு ஆண்கள் தாமே எழுந்திருப்பார்கள்" என்று எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டில் நேற்றே அலாரம் கடிகாரம் வந்துவிட்டது. இன்று விடியலில் அது கத்தியது. குழந்தை எழுந்தான். அழுதான். பிறகு தூங்கிவிட்டான். உலகம் அழியவில்லை, நான்தான் அழியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருத்தத்தை ஏற்போர் கை தூக்குங்கள். பாயில் எல்லாக் கையும் தெரிகிறது. கங்கம்மாள் அக்கா இரண்டு கையும் தூக்கியிருக்கிறார், ஒன்று போதும். சூசைராஜ் அண்ணன் கை... நன்றி, அண்ணா. யாக்கோபு அவர்களே, தங்கள் கை? முதல் தட்டுக்கு எழாதாம். கங்கம்மாள் அக்கா சொல்கிறார். எழுந்துவிட்டது! தலைவர் ஐயாவும் கைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்; திருத்தம் நிறைவேறியது.

இடம் கொடுத்த சங்கத்துக்கும், தூக்கம் கெடாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. ஆனால் தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். இந்த மேடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு அவருடையது. அந்த ஜன்னலைப் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயைக் மைக் செட் கண்ணப்பன் தம்பியிடம் சொல்லி, மேடை ஏறும் முன்பே திருப்பிவிட்டேன். விளக்கு அணைந்து அரைமணி ஆகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தாண்டுங்கள்.

கண்ணப்பா, மைக்கை நிறுத்தும்போது அது கூவும். முதலில் கையால் பொத்திக்கொள். வணக்கம்.