பாய்மரம் கழன்ற பிறகு

— தலைமுடியப் பிடிச்சு இழுத்ததுக்கு மனசுல எதுவும் வச்சுக்காதீக மாப்பிள்ள. பிடிக்க வேற ஒண்ணும் சிக்கல.

— பவுனக்கா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். நீங்க வரலைன்னா எம் புருசன் இல்ல.

— அழுகாத நதியா, மொதல்ல அவரு தலையத் துவட்டு. அந்தக் கருமம் பிடிச்ச பாய்மரப் பலகை கண்மாய் எதிர்க்கரை மடைகிட்ட ஒதுங்கிக் கெடக்கு. பாய் தனியா மெதக்குது. பரிசல்ல போயி எதை மொதல்ல இழுத்துட்டு வர?

— ரெண்டும் வேணாங்க்கா. கெடக்கட்டும்.

— மஸ்கட்டுல இருந்து கப்பல்ல வந்த சாமான்னு மார்க்கையன்கோட்டையே பேசுது, கெடக்கட்டுங்கிறாரே சூரியபிரகாசு! நீ இவரப் பாரு தாயி. நான் போயி எடுத்துட்டு வாரேன்.

— எல்லாரும் போயிட்டாகளா நதியா?

— போயிட்டாக. அத்தைக்கு மயக்கமா வருதுன்னாக, வீரபாண்டி மாமா பைக்குல ஏத்திட்டுப் போனாக.

— சிரிச்சாகளா?

— ஆளு முங்குறப்ப யாரு சிரிப்பா? கரையேறுன பெறகு ரெண்டு பேரு சிரிச்சாக. ஒருத்தன் செல்லுல படம் பிடிச்சான். விடுங்க.

— ரப்பரு அறுந்துருச்சு நதியா. பாய்மரக் கம்பையும் பலகையையும் சேர்க்குற எடத்துல கட்டையா ஒரு ரப்பரு இருக்கும். பாய் மொத்தமும் அதுலதான் நிக்கிது. பட்டுனு போச்சு. நான் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்.

— சாமான்னா அறுகத்தான் செய்யும். அதுக்கு நீங்க என்ன செய்வீக?

— அது விரிசல் விட்டிருந்தது எனக்குத் தெரியும்.

— என்னது?

— காலையிலயே பார்த்தேன். நகத்த வச்சா உள்ள போகுது. மேல டேப்பச் சுத்திட்டு எறங்கிட்டேன். ஒரு கயித்தால கம்பையும் பலகையையும் பிணைச்சிருந்தாக்கூட, அறுந்தாலும் பலகை என்னைய விட்டுப் போயிருக்காது. அதையும் செய்யல.

— நாளைக்குப் பார்ப்போம்னு சொல்ல வேண்டியதுதான?

— மாப்பிள்ள பாய்மரம் ஓட்டுறதப் பார்க்க வாங்கன்னு ஒங்கப்பா மைக் செட்டு மட்டுந்தான் வைக்கல. ஊரே வந்து நிக்கிது. ஆடிக்காத்து கரையிலருந்து உள்ள தள்ளுது, போனா திரும்ப மாட்டோம்னு தெரியுது. வாய் வரல எனக்கு.

— லைஃப் ஜாக்கெட்டாவது போட்டிருக்கலாம்ல? வண்டியிலயே கெடக்கு.

— மாட்டத்தான் செஞ்சேன். சொல்லிக்குடுக்கிற வாத்தியாருக்கே ஜாக்கெட்டான்னு கூட்டத்துல எவனோ கேட்டான். கழட்டி வண்டியிலயே போட்டுட்டேன்.

— எவனோ கேட்டான்னு!

— நான் வாத்தியாரே இல்ல நதியா.

— என்னங்க சொல்றீக?

— மஸ்கட்டுல பலகை கழுவுறது, பாய் காயப்போடுறது, ரப்பரு மாத்துறது, அதுதான் என் வேலை. இந்தப் பலகைய ஆகாதுன்னு ஒதுக்கிப் போட்டாக. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். சாயந்தரம் வேலை முடிஞ்சு, இடுப்பளவுத் தண்ணியில கொஞ்சம் பழகினேன். ஒங்களுக்குக் காட்டுன போட்டோவெல்லாம் அங்கன எடுத்ததுதான்.

— பொண்ணு பார்க்க வந்தப்ப, வெள்ளைக்காரனுக்கே எம் மகன் சொல்லிக்குடுக்கிறான்னு அத்தை சொன்னாகளே.

— நான் சொன்னதத்தான் அம்மா சொல்லுச்சு. இன்னொன்னும் இருக்கு. எனக்கு நீச்சல் தெரியாது.

— கடவுளே!

— திட்டு. நாலு சாத்துகூடச் சாத்து. இப்படித் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்காத. குனிய வேண்டியவன் நான்.

— பாயப் பிடிச்சுக்கிட்டுத் தத்தளிச்சீகளே, அப்பக் கரையப் பார்த்தீகளா?

— பார்த்தேன். ஒன் மஞ்சச் சேலை மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ என்ன பண்ணுவ, பாவம். தண்ணியப் பத்தி ஒனக்கென்ன தெரியும்? நின்னு அழுதிருப்ப.

— அழுகல.

— நதியா?

— குச்சனூர் ஆத்துல எதிர்நீச்சல் போட்டு வளர்ந்தவ நான். பவுனக்கா பரிசலுக்கு ஓடுறதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள கால வச்சுட்டேன். நனைஞ்ச சேலையோட ஊரு முன்னாடி, ஒங்கம்மா முன்னாடி, எப்படிக் கரையேறுறதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. நீங்க முங்கி முங்கி எந்திரிச்சதப் பார்த்துக்கிட்டே, அங்கனயே நின்னுட்டேங்க.