ஞானசவுந்தரி அன்ரியின் வலது கால்

நகம் வெட்டுவதற்கு முன் காலை இளஞ்சூட்டு நீரில் பதினைந்து நிமிடமாவது ஊறவிட வேண்டும் ஐயா. குறைந்தால் நகம் இளகாது. இளகாத நகத்தில் கத்தரி வழுக்கும். தொழில் தெரிந்தவள் என்று என்னிடம் விளக்கம் கேட்டு வந்திருக்கிறீர்கள், ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கதிரையில் இருங்கள். நீங்கள் சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து கஜாலினியின் கடையைப் பூட்டி ஆறு கிழமையாகிறது. ஞானசவுந்தரி அன்ரியின் காலை வெட்டிப் புண்ணாக்கியவள் அவள், அந்தப் புண்ணால்தான் அன்ரி செத்தார் என்று வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்பப் போகிறீர்கள். அனுப்பினால் இருபத்தாறு வயதுப் பிள்ளை இனி இந்தத் தீவில் கத்தரியைத் தொட முடியாது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்கு அவசரம் இல்லை. இன்றைக்கு ஒரு கலியாணப் பெண் மட்டும்தான்.

கரம்பொனில், இந்த முன் அறையில், பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பிரியவதனி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுப்பேன். ஊறவிட்டு, குதிக்காலைத் தேய்த்து, எண்ணெய் போட்டு உருவி, அவரவர் வீட்டுக் கதையையும் கேட்பேன். மாமியாரின் நாக்கு, மகனின் விசா, எல்லாம் என் காதோடு நின்றுவிடும். அதற்காகவே வந்தார்கள். தை மாதம் கஜாலினி ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தடியில் கடை போட்டாள். கொழும்பில் படித்தவள், சுழலும் மெஷின் வைத்திருந்தாள். இருபது நிமிடம், என் விலையில் பாதி. பஸ் வருவதற்குள் பத்து நகமும் பளபளக்கும். இளம் பெட்டைகள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. நான் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கிறேன் என்று பஸ் காத்து நிற்குமா.

எனக்கு மிஞ்சியவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் தாய்மார்தான். மகள் அங்கேயிருந்து தாய்க்கு மாதம் ஒருமுறை என்னிடம் நேரம் எடுத்துக் கொடுப்பாள். நான் வேலை முடிக்கிற நேரம் வீடியோவில் வந்து தாயின் காலைப் பார்ப்பாள். கூட இருந்து பார்க்க முடியாத பிள்ளைகளுக்கு அது ஓர் ஆறுதல். இதை முதலில் தொடங்கியவள் அன்ரியின் மகள் யூலியானா, பாரிசில் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் மற்ற ஏழு தாய்மாரும் வந்தார்கள். அவள் விலகினால் ஏழு பேரும் விலகுவார்கள். பிழை பொறுக்காத பிள்ளை அவள். தாய்க்குச் சமைக்க வந்த மனுசி ஒருநாள் சோற்றைக் குழையவிட்டதற்கு அடுத்த நாளே நிற்பாட்டியவள்.

அன்ரிக்கு ஐம்பத்தொன்பது வயது. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகும் இரண்டு வள்ளத்தை வைத்து ஆம்பிளைகளை வேலை வாங்கியவர். பகிடிக்காரி. நீரிழிவு முற்றி, பாதத்தில் உணர்ச்சி இல்லை. கண்ணும் மங்கல். "பிள்ளை, நீ என்ரை காலைக் கழட்டிக் கொண்டுபோய்க் கழுவிப்போட்டுத் திருப்பிப் பூட்டினாலும் எனக்குத் தெரியாதடி" என்று சிரிப்பார். எனக்கு அவரில் உண்மையாகவே விருப்பம் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வியாபாரம் படுக்கத் தொடங்கியதும் நானும் வேகமாகச் செய்யப் பார்த்தேன். வேறு என்னதான் செய்வது. ஊறவிடுவதை ஐந்து நிமிடமாக்கினேன். முன்பெல்லாம் ஆளுக்கு ஆள் கத்தரியை அவித்து எடுப்பேன். பிறகு, ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்று விட்டுவிட்டேன். பெரிய வியாழன் காலையில் நண்டு உடைக்கிற இடத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளை வந்தாள். நண்டு குத்திய விரலில் சீழ் பிடித்திருந்தது. அவளை அனுப்பிய கையோடு அதே கத்தரியுடன் அன்ரியின் வலது பெருவிரலுக்கு வந்தேன். நகம் இளகவில்லை.

இரத்தம் அதிகம் வரவில்லை. அன்ரி யாரோ ஒரு வள்ளக்காரனைப் பகிடி பண்ணிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவில்லை. யூலியானா அப்போது இன்னும் வீடியோவுக்கு வரவில்லை. பஞ்சை வைத்து அழுத்தினேன், நின்றது. மேலே ரோசா நிறம் பூசினேன். அவள் வந்து பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு அக்கா. உங்களை விட்டா அம்மாவுக்கு ஆர் இருக்கினம்" என்றாள்.

அந்த நேரமே சொல்லியிருந்தால் ஓர் ஊசியோடு போயிருக்கும். சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவள் சோற்றுக்கார மனுசியின் கதையைத் திரும்பவும் எடுத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கிழமை அன்ரியின் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பிறகு கிழமைக்கு இரண்டு தரம் போனேன். அதற்கு ஒரு சதம் வாங்கவில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுத் துணி சுற்றினேன். "நகம் உடையாமலிருக்கக் கட்டியிருக்கிறன் அன்ரி, கழட்டாதேங்கோ" என்றேன். சொன்னபடி கழற்றாமல் இருந்தார். பஸ் நிலையத்தடியில் இப்படி ஒரு கவனிப்புக் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

வைகாசியில் விரல் கறுத்துக்கொண்டு வந்தது. யூலியானாவின் வீடியோ நாளில் கத்தரிக்காய் நிறம் எடுத்துப் பூசினேன். நகத்தோடு நிறுத்தாமல் பக்கத்துத் தோலிலும் ஏறவிட்டேன். ரெலிபோனில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

"என்ன அக்கா, அம்மாவுக்கு இந்தக் கடும் நிறம்?"

"இப்ப எல்லாரும் இதைத்தான் பூசீனம் யூலியானா. உம்மடை அம்மா என்ன கிழவியே?"

அன்ரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மணம் தொடங்கியது. ஒருநாள் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது அன்ரி மூக்கைச் சுளித்தார்.

"என்னடி பிள்ளை, ஊத்தை மணமொண்டு வருது?"

"பக்கத்து வளவிலை கருவாடு காயுது அன்ரி."

அவர் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தார். கடற்காரரின் பெண்சாதி. "சோளகக் காத்து இஞ்சையிருந்தெல்லோ அங்கை அடிக்குது" என்றார். பிறகு என் முகம் இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தார். நான் துணியை இறுக்கிச் சுற்றினேன். அவரும் மேலே கேட்கவில்லை. "சரி, நீ சொன்னால் சரிதான்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பழுதாய்ப்போன விரலை நல்ல விரலாக்க என்னால் ஏலவில்லை, ஐயா. யாரால் ஏலும்.

ஆஸ்பத்திரியில் அந்த மாத நீரிழிவுக் கிளினிக்கில் பாதத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். முதல் நாளே போய், டாக்குத்தர் லீவாம், இந்த மாதம் கிளினிக் இல்லையாம் என்று சொன்னேன். அன்ரிக்குச் சந்தோசம். அங்கே மர வாங்கில் மணிக்கணக்காக இருந்து இடுப்பு முறிகிறது என்று எப்போதும் குறைப்படுவார். இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் எப்படியும் ஆற்றிவிடலாம் என்று நினைத்தேன். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, அடுத்த கிழமையே யூலியானா ஆனியில் வருவதற்குப் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டாள். வந்தால் துணியை அவிழ்த்துப் பார்ப்பாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகுதான் ஒரு வழி தெரிந்தது. பங்குனியில் கஜாலினி ஆட்களைப் பிடிக்க ஒருநாள் இலவசமாக நகம் வெட்டிப் பூசிவிட்டாள். அன்ரி புதினம் பார்க்கப் போய்க் கால் நகத்தையும் வெட்டுவித்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் கடைக்கு அவர் புதியவர் இல்லை. "எனக்குக் காய்ச்சல் அன்ரி. இந்த முறை கஜாலினியிட்டைப் போங்கோ" என்றேன். நானே ஓட்டோவும் பிடித்துவிட்டேன்.

கஜாலினி துணியை அவிழ்த்தாளாம். நாலு பேர் காத்திருக்கக் கடையைப் பூட்டிவிட்டு, அன்ரியைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேயிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் அவள் வீட்டுக்கு வரவில்லை, அன்ரியின் கட்டிலடியில் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. நான் போனபோது அன்ரிக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

ஊர் வாய்க்கு உலைமூடி இல்லை. கொண்டுவந்து சேர்த்தவள் அவள், அப்படியென்றால் வெட்டியவளும் அவள்தான் என்றார்கள். மெஷின்காரி, அவசரக்காரி, மலிவுக்காரி என்றார்கள். யூலியானா வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அக்கா, ஆர் வெட்டினதெண்டு உங்களுக்குத் தெரியுமே?" என்று கேட்டாள். அம்மா ஒருதரம் கஜாலினியின் கடைக்குப் போனவ என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லையே. பெட்டியில் வைக்கும்போது தாய்க்கு நகம் பூசிவிடச் சொல்லிக் கேட்டாள். அவளுக்குப் பிடித்த ரோசா நிறமே பூசினேன். காலில் ஐந்து நகம்தான். கெதியாக முடிந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், நான் திரும்பவும் சொல்கிறேன். வெட்டியது நான். மறைத்தது நான். கிளினிக்குக்குப் போகவிடாமல் செய்ததும் நான். கஜாலினியின் தலையில் விழட்டும் என்று தெரிந்தே அங்கே அனுப்பியதும் நான்தான்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போன கிழமை கஜாலினி வந்து இந்தப் படியில் இருந்து அழுதாள். "அக்கா, அந்த இலவச நாளிலை முப்பது பேருக்கு மேலை செய்தனான். ஆரின்ரை விரலிலை பட்டதெண்டு எனக்கு நினைவே இல்லை. நான்தான் வெட்டியிருப்பன். அன்ரியைக் கொன்றுபோட்டன் அக்கா." நான் அவளின் முதுகைத் தடவிவிட்டேன். பிழை மனிதருக்கு வருவதுதான் என்றேன். என்னிடமே வேலைக்கு வரச் சொன்னேன். இப்போது உள்ளே அந்தக் கலியாணப் பெண்ணுக்குச் செய்துகொண்டிருக்கிறாள். அவளின் வேகமும் என் கவனிப்பும் சேர்ந்த பிறகு, போன பெட்டைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் அவளைத் தடைசெய்தால் நான் திரும்பவும் தனியாளாகிவிடுவேன். ஆகவே என் பெயரை எழுதுவதென்றால் எழுதுங்கள், காரணம் தெரியவில்லை என்று எழுதினாலும் சரி. அவளின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஒன்று, கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கள் ஐயா, அவளுக்குக் கேட்க வேண்டாம். தன்னால்தான் ஓர் உயிர் போனது என்று நம்பிய பிறகுதான் அந்தப் பிள்ளை கவனமாக வேலை செய்யப் பழகியிருக்கிறாள்.